எல்லாம், சில, எதுவும் இல்லை: அன்றாடத் தமிழ்த் தொடரைத் தருக்கக் கூற்றாக மாற்றும் மரபு

முன்னுரை

"கடலுக்குப் போன படகெல்லாம் திரும்பவில்லை."

சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது கோவளம். அது போன்ற ஒரு மீனவ ஊரில், காற்று வீசும் நாளில் இத்தொடர் சொல்லப்படுவதாக வைத்துக்கொள்வோம். கேட்பவர் என்ன பொருள் கொள்வார்? போன படகுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்பது ஒரு பொருள். சில திரும்பிவிட்டன, சில இன்னும் திரும்பவில்லை என்பது மற்றொரு பொருள். கரையில் நிற்கும் குடும்பத்திற்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்குத் தருக்கவியல் (அளவையியல்) ஒரு வழி வைத்திருக்கிறது. பேச்சில் வரும் தொடரை, ஐயத்திற்கு இடமில்லாத ஒரு திட்ட வடிவத்திற்கு மாற்றி எழுதுவதே அவ்வழி. ஐரோப்பாவில் அரிஸ்டாட்டிலில் தொடங்கிய இப்பயிற்சி, நம் நாட்டிற்கு ஆங்கிலக் கல்வியோடு வந்தது. ஆயினும் இதற்கு வேண்டிய கருவிகளைத் தமிழ் இலக்கணிகளும் காஞ்சிப் பகுதியோடு தொடர்புடைய பௌத்த அறிஞர்களும் அதற்கு மிக முன்பே ஆராய்ந்திருந்தனர். அந்த வரலாற்றையும், அதைக்கொண்டு இன்றைய மாணவர் ஒரு தொடரை எவ்வாறு மாற்றி எழுதலாம் என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

நான்கு வடிவங்கள்

ஒரு வகுப்பைச் சேர்ந்தவை மற்றொரு வகுப்பில் அடங்கும் அல்லது அடங்கா என்று நிபந்தனை எதுவுமின்றிச் சொல்வது அறுதிக் கூற்று. அதற்கு நான்கு திட்ட வடிவங்கள் உண்டு.

1. நிறை விதி: சுறா எல்லாம் மீன்.
2. நிறை மறை: எந்தத் திமிங்கிலமும் மீன் அன்று.
3. குறை விதி: சில மீன்கள் நன்னீரில் வாழ்பவை.
4. குறை மறை: சில மீன்கள் நன்னீரில் வாழ்பவை அல்ல.

'நிறை' என்பது வகுப்பு முழுவதையும், 'குறை' என்பது அதன் ஒரு பகுதியையும் குறிக்கும். 'விதி' உடன்பாடு, 'மறை' எதிர்மறை. தருக்கத்தில் 'சில' என்றால் 'குறைந்தது ஒன்று' என்றே பொருள். 'எல்லாம் அல்ல' என்ற குறிப்பு அதில் இல்லை. பேச்சு வழக்கிற்கும் தருக்கத்திற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த அரிஸ்டாட்டில் இந்நான்கையும் வகைப்படுத்தி, அவற்றிலிருந்து முடிவு பெறும் முறையை வகுத்தார். இடைக்கால ஐரோப்பிய ஆசிரியர்கள் மாணவர் நினைவில் வைத்துக்கொள்ள இவற்றுக்கு ஏ, ஈ, ஐ, ஓ என்று எழுத்துப் பெயர் சூட்டினர். 'உடன்படுகிறேன்' என்று பொருள்படும் 'அஃபிர்மோ' என்ற இலத்தீன் சொல்லின் முதல் இரண்டு உயிரெழுத்துகள் விதிக் கூற்றுகளுக்கும் (ஏ, ஐ), 'மறுக்கிறேன்' என்னும் 'நெகோ'வின் உயிரெழுத்துகள் மறைக் கூற்றுகளுக்கும் (ஈ, ஓ) ஆயின.

காஞ்சியும் மணிமேகலையும்

மணிமேகலைக் காப்பியத்தில் மொத்தம் 30 காதைகள். 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமய ஆசிரியர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, அறிவு பெறும் வழிகளாகிய அளவைகள் பத்து என எடுத்துரைக்கிறான். 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்தத் தருக்கத்தைக் கற்பிக்கிறார். ஒரு காப்பியத்தில் ஏறத்தாழ முழுக் காதையே தருக்கப் பாடமாக அமைந்திருப்பது தமிழுக்கு வாய்த்த அரிய செல்வம். உ.வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்த பின்னரே இது பரவலான வாசிப்பிற்கு வந்தது.

மணிமேகலையின் காலம் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் 29ஆம் காதையின் பொருள், திக்நாகர் வழிவந்த பௌத்தத் தருக்கத்தைச் சார்ந்தது என்பது தெளிவு. திக்நாகர் ஏறத்தாழ கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் எனத் திபெத்திய மரபு கூறும். அம்மரபில் சங்கரசுவாமி இயற்றிய நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலின் பகுப்பும் இக்காதையின் பகுப்பும் நெருக்கமாக ஒத்துப்போகின்றன. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்னும் குற்றங்களின் எண்ணிக்கையும் அவ்வாறே.

நம் பொருளுக்கு இங்கே முக்கியமானது, திக்நாகர் அமைத்த 'ஏதுச் சக்கரம்' என்னும் அட்டவணை. ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'ஒலி நிலையற்றது, உண்டாக்கப்படுவதால்' என்று ஒருவர் வாதிடுகிறார். நிலையற்றவையாக நாம் முன்பே அறிந்த குடம் போன்றவை சபக்கம். நிலையானவையாகக் கருதப்படும் ஆகாயம் போன்றவை விபக்கம். 'உண்டாக்கப்படுதல்' என்னும் ஏது, சபக்கத்தில் எல்லாவற்றிலும் உள்ளதா, சிலவற்றில் உள்ளதா, ஒன்றிலும் இல்லையா? விபக்கத்தில் எப்படி? மூன்றை மூன்றால் பெருக்க, ஒன்பது நிலைகள் வருகின்றன. சபக்கத்தில் எல்லாவற்றிலுமோ சிலவற்றிலுமோ இருந்து, விபக்கத்தில் ஒன்றிலும் இல்லாத இரண்டு நிலைகளில் மட்டுமே ஏது செல்லும். மற்ற ஏழும் பிழையானவை.

'எல்லாம், சில, ஒன்றும் இல்லை' என்னும் அளவுச் சொற்களே இங்கும் அடிப்படையாக நிற்பதைக் காணலாம். மணிமேகலை இதற்கு 'வியாபி', 'ஏகதேசம்' என்ற சொற்களை ஆள்கிறது. முழுவதும் பரவியிருப்பது வியாபி. ஒரு பகுதியில் மட்டும் இருப்பது ஏகதேசம். ஏது எவ்விடங்களில் பரவியிருக்கிறது என்பதைக் கொண்டே அதன் குற்றங்களுக்குப் பெயர் இடப்படுகிறது.

இதைக்கொண்டு அரிஸ்டாட்டிலின் நான்கு வடிவங்களும் திக்நாகரின் அட்டவணையும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. இந்திய மரபு, கூற்றின் வடிவத்தோடு நின்றுவிடாமல், வாதத்தில் எதிராளி ஏற்கும் எடுத்துக்காட்டையும் கேட்டது. ஆயினும் 'எத்தனையைப் பற்றிப் பேசுகிறாய்?' என்ற கேள்வி இரண்டு மரபுகளுக்கும் பொதுவானது.

இலக்கணம் கண்ட நுட்பம்: உம்மை

தொல்காப்பியம் இடையியலில் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று முற்று. 'ஊரார் எல்லாரும் வந்தனர்' என்பதில் உள்ள உம்மை, ஒருவரையும் விடாமல் அனைவரையும் தழுவுகிறது. இது நிறை விதிக் கூற்றின் அடையாளம்.

ஆனால் தொல்காப்பியர் அதோடு நிற்கவில்லை. முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளுக்கும் உரியதாகும் என்று தனியே ஒரு விதி செய்தார். நன்னூலும் இதை ஏற்கிறது. உரையாசிரியர் சேனாவரையர், எதிர்மறை வினையோடு முற்றும்மை வரும்போது இது நிகழும் என எண்ணுப்பெயரைக் கொண்டு விளக்குகிறார். நம் வழக்கில் சொன்னால், 'பத்துப் பழத்தையும் கொடுத்துவிடாதே' என்று தாய் மகனிடம் கூறினால், 'ஒன்றும் கொடாதே' என்பது பொருள் அன்று; 'சிலவற்றை மிச்சம் வைத்துக் கொடு' என்பதே பொருள்.

நிறைச் சொல்லும் எதிர்மறையும் ஒரே தொடரில் கூடினால், மறுக்கப்படுவது வினை மட்டுமா, முழுமையுமா என்பது ஐரோப்பியத் தருக்க நூல்களும் விவாதித்த சிக்கல். தமிழில் அது ஓர் இலக்கண விதியாகவே இடம்பெற்றுவிட்டது. 'எச்சமாக உரியதும் ஆகும்' என்பதே விதி. 'எப்போதும் எச்சமே' என்பதன்று. எனவே நம் படகுத் தொடர் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது. எது கருதப்பட்டது என்பதைச் சொல்பவரிடமோ சூழலிடமோதான் கேட்டறிய வேண்டும். அறிந்தபின், நிறை மறையாயின் 'கடலுக்குப் போன எந்தப் படகும் திரும்பிய படகு அன்று' என்றும், குறை மறையாயின் 'கடலுக்குப் போன சில படகுகள் திரும்பிய படகுகள் அல்ல' என்றும் எழுத வேண்டும்.

ஏகாரம் நிற்கும் இடம்

ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களைத் தொல்காப்பியம் கூறும். இவற்றுள் பிரிநிலையும் தேற்றமும் நமக்கு வேண்டியவை. பின்வரும் இரு தொடர்களை ஒப்பிடுக.

'மீனவரே இச்சங்கத்தின் உறுப்பினர்.'
'மீனவர் இச்சங்கத்தின் உறுப்பினரே.'

சொற்கள் அவையே, ஏகாரம் மட்டும் இடம் மாறியுள்ளது. முதல் தொடர் மீனவர் அல்லாதாரை விலக்குகிறது. அதன் திட்ட வடிவம், 'இச்சங்கத்தின் உறுப்பினர் எல்லாரும் மீனவர்' என்பது. மீனவர் அனைவரும் உறுப்பினர் என்று அது சொல்லவில்லை. இரண்டாவது தொடர், மீனவருக்கு உறுப்பினர் தன்மை இல்லாமையை விலக்குகிறது. அதன் வடிவம், 'மீனவர் எல்லாரும் இச்சங்கத்தின் உறுப்பினர்' என்பது.

கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தருமகீர்த்தி, வடமொழியில் 'ஏவ' என்ற இடைச்சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதைக்கொண்டு அதன் பொருளை வகைப்படுத்தினார். அவ்வகைகளுள் இரண்டு, தமிழில் 'பிறிதினியைபு நீக்குதல்', 'இயைபின்மை நீக்குதல்' என்னும் அழகிய பெயர்களைப் பெற்றன. மேலே கண்ட முதல் தொடர் பிறிதினியைபு நீக்குவது. இரண்டாவது இயைபின்மை நீக்குவது. இலக்கணமும் தருக்கமும் ஒருங்கே கற்ற பிற்கால அறிஞர்கள் இச்சொற்களை ஆண்டனர். 1785இல் மறைந்த சிவஞான முனிவர் அவர்களுள் தலையாயவர். காஞ்சியில் வாழ்ந்து காஞ்சிப் புராணம் பாடிய அவரே, அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியவரும் ஆவார்.

கல்லூரிக்குள் வந்த தருக்கம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் இன்டர்மீடியட் வகுப்பில் தருக்கவியல் விருப்பப் பாடங்களுள் ஒன்றாக இருந்தது. தென் சென்னைப் புறநகர்ப் பகுதியில் இப்பாட மரபோடு நெருங்கிய தொடர்புடைய நிறுவனம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1837இல் சென்னை நகரில் ஒரு பள்ளியாகத் தொடங்கிய அது, சரியாக 100 ஆண்டுகள் கழித்து 1937இல் தாம்பரத்திற்கு இடம் மாறியது. அக்கல்லூரியின் மெய்யியல் பேராசிரியரும் பின்னர் முதல்வருமான ஏ.ஜி. ஹாக்கிடம், கல்லூரி நகரில் இருந்த காலத்தில் பயின்றவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். சென்னை மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர் எஸ். குப்புசாமி சாஸ்திரி, தருக்க சங்கிரகத்தை அடிப்படையாகக் கொண்டு இந்தியத் தருக்கத்திற்கு ஒரு தொடக்க நூலை 1932இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இவ்வளவு வளமான சூழல் இருந்தும் ஒரு குறை நேர்ந்தது. கல்லூரி மாணவர் தொடரை மாற்றி எழுதும் பயிற்சியை ஆங்கிலத் தொடர்களைக்கொண்டே செய்தனர். 'எல்லாம்... அல்ல' என்ற அமைப்பில் வரும் ஆங்கிலத் தொடரைக் குறை மறையாகக் கொள்க, 'மட்டும்' என்று பொருள்படும் சொல் வந்தால் எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றுக என்றெல்லாம் விதிகளை மனப்பாடம் செய்தனர். அடுத்த வகுப்பில் தமிழாசிரியர் உம்மையும் ஏகாரமும் நடத்தினார். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்று மாணவருக்குத் தோன்ற வாய்ப்பே குறைவு. தமிழ்வழிக் கல்லூரிக் கல்வி வளர்ந்த 1960களிலும் 1970களிலும் தமிழில் தருக்கப் பாடநூல்கள் வெளிவந்து, கலைச்சொற்கள் பல உருவாயின. ஆனால் கலைச்சொல் தமிழானால் போதாது. பயிற்சித் தொடரும் தமிழர் பேசும் தொடராக இருக்க வேண்டும்.

மாற்றி எழுதும் முறை

தமிழ்த் தொடரைத் திட்ட வடிவமாக்கப் பின்வரும் படிகள் உதவும்.

முதலாவது, இரு பக்கத்தையும் பெயராக்குக. இதற்குத் தமிழில் வினையாலணையும் பெயர் கைகொடுக்கிறது. 'மீனவர் விடியுமுன் எழுகின்றனர்' என்பதை 'மீனவர் எல்லாரும் விடியுமுன் எழுபவர்' என எளிதில் மாற்றலாம். ஆங்கிலத்தில் எழுவாயையும் பயனிலையையும் இணைக்க ஒரு வினைச்சொல் கட்டாயம் வேண்டும். தமிழில் பெயரே பயனிலையாக நிற்கும்.

இரண்டாவது, அளவை வெளிப்படுத்துக. 'மீன் செவுளால் சுவாசிக்கும்' என்றால் எல்லா மீனும். 'சந்தைக்கு மீன் வந்திருக்கிறது' என்றால் சில மீன். இரண்டிலும் 'மீன்' என்றே உள்ளது; அளவைப் பொருளிலிருந்து அறிய வேண்டும். 'பெரும்பாலும்', 'அநேகமாக' என்பவை குறைக் கூற்றுகளே. அப்படி மாற்றும்போது பொருளில் ஒரு பகுதி இழக்கப்படுகிறது என்பதையும் மறக்கலாகாது. 'சிலரே வந்தனர்' என்பதில் ஏகாரம் இருப்பதால் இரண்டு கூற்றுகள் உள்ளன: சிலர் வந்தவர்; சிலர் வந்தவர் அல்லர்.

மூன்றாவது, தனிப்பெயரை நிறைக் கூற்றாகக் கொள்க. ஆனால் எந்தப் பெயர் என்று உறுதி செய்க. 'கோவளம் சென்னைக்குத் தெற்கே உள்ளது' என்பதில் எந்தக் கோவளம்? கேரளத்தில் திருவனந்தபுரத்திற்கு அருகே ஒன்று, கன்னியாகுமரிக்கு அருகே ஒன்று எனக் கடற்கரையில் அப்பெயருடைய ஊர்கள் வேறும் உண்டு.

நான்காவது, விலக்கைப் பிரித்து எழுதுக. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. இத்தடை விசைப்படகுகளுக்கானது, பாரம்பரியப் படகுகளுக்கு இல்லை. இதைத் 'தடைக்காலத்தில் படகு போகக்கூடாது' என்று பொதுவாகச் சொன்னால், அனுமதி உள்ளவரின் பிழைப்பும் கெடும். 'எந்த விசைப்படகும் தடைக்காலத்தில் கடலுக்குச் செல்ல அனுமதி உள்ளது அன்று' என ஒரு கூற்றும், பாரம்பரியப் படகு பற்றித் தனியே ஒரு கூற்றும் வேண்டும்.

ஐந்தாவது, உண்டு-இல்லைச் சோதனை செய்க. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல், நான்கு வடிவங்களையும் ஒரு வகுப்பில் உறுப்பு உண்டா இல்லையா என்ற கேள்வியாக மாற்றினார். ஜான் வென் 1880இல் அதை வட்டப் படங்களால் காட்டினார். இருப்பதை மறுக்க 'இல்லை', தன்மையை மறுக்க 'அல்ல' எனப் பிரித்து வைத்திருக்கும் தமிழுக்கு இது மிகப் பொருந்தும்.

நிறை விதி: திரும்பாத படகு இல்லை.
நிறை மறை: திரும்பிய படகு இல்லை.
குறை விதி: திரும்பிய படகு உண்டு.
குறை மறை: திரும்பாத படகு உண்டு.

எவ்வளவு சிக்கலான தொடரானாலும் 'திரும்பியது உண்டா? திரும்பாதது உண்டா?' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் வடிவம் புலப்பட்டுவிடும்.

ஒரு பழமொழிச் சோதனை

'அடியாத மாடு படியாது' என்பது அனைவரும் அறிந்த பழமொழி. இதன் திட்ட வடிவம்: 'அடிக்கப்படாத எந்த மாடும் படியும் மாடு அன்று'. இந்நிறை மறையிலிருந்து 'படியும் மாடெல்லாம் அடிக்கப்பட்டவை' என்று பெறலாம். ஆனால் 'அடிக்கப்பட்ட மாடெல்லாம் படியும்' என்று பெற முடியாது. பிள்ளைகளை அடிப்பதற்கு நியாயம் சொல்ல இப்பழமொழியை எடுப்பவர்கள், அது சொல்லாத இந்த இரண்டாவது கூற்றையே நம்பி எடுக்கின்றனர். பழமொழியை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அம்முடிவு வராது. மாட்டைப் பற்றிய கூற்று மனிதக் குழந்தைக்குப் பொருந்துமா என்பது அதற்கு அப்பால் உள்ள கேள்வி. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்துள்ளது. அச்சட்டம் வருமுன்பே, தருக்க வகுப்பில் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் அந்த வாதத்தின் ஓட்டை தெரிந்திருக்கும்.

முடிவுரை

திட்ட வடிவம் என்பது பேச்சைத் திருத்துவதற்கு ஏற்பட்டதன்று. யாரும் சந்தையிலோ கரையிலோ அவ்வாறு பேசப்போவதில்லை. தொடரில் ஒளிந்திருக்கும் அளவையும் மறுப்பையும் வெளியே எடுத்து வைத்து, 'நீங்கள் சொல்வது இதுதானா?' என்று கேட்பதற்கே அது பயன்படுகிறது. அறிவிப்பு எழுதுவோர், சட்டம் படிப்போர், செய்தியைப் பகிர்வோர் ஆகிய எல்லார்க்கும் அக்கேள்வி தேவை. அதைக் கேட்பதற்கு வேண்டிய உம்மை, ஏகாரம், வினையாலணையும் பெயர், அல்ல-இல்லை வேறுபாடு ஆகியவை உயர்நிலைப் பள்ளித் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளன. அவற்றை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டு மறக்காமல், நாள்தோறும் கேட்கும் ஒரு தொடரையேனும் இவ்வாறு மாற்றி எழுதிப் பார்க்கும் மாணவருக்கு இலக்கணமும் தருக்கமும் ஒருசேரக் கைவரும்.